அமை 1, அமை 2, அமை 3

உடற்பயிற்சிச் செயலி ஒன்றின் திரை அது. மேலே ஓர் ஆள் எடை தூக்கிக்கொண்டிருக்கிறான். கீழே மூன்று வரி. 'அமை 1: 12 முறை. அமை 2: 12 முறை. அமை 3: 10 முறை.' அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்த சோதனையாளர் கூடவே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "எதை அமைக்கணும் மேடம்?"

அந்த 'அமை' நான் போட்டதுதான், ஆங்கிலத்தில் இருந்த 'செட்' (set) என்ற சொல்லுக்கு. ஜிம்முக்குப் போகிற யாரைக் கேட்டாலும் 'மூணு செட் போட்டேன்' என்றுதான் சொல்வார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் எப்படி விழுந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் இருக்கிற பலரும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

கோயமுத்தூரில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. இலக்கியமெல்லாம் இல்லை. மோட்டார் பம்பு, கிரைண்டர், இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் இவற்றோடு வரும் கையேடுகள். கொஞ்ச வருஷமாகச் செயலிகள். செயலி என்றால் பக்கம் பக்கமாக வராது. எக்செல் தாள் ஒன்று வரும். இடது பத்தியில் ஆங்கிலம், வலது பத்தி காலி. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும். அது பொத்தானா, தலைப்பா, எச்சரிக்கையா, யாருக்கும் தெரியாது. அடுத்த கட்டத்தில் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு சொல்.

நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கு நினைவாற்றல் உண்டு. முன்பு நான் செய்த ஒவ்வொரு வரியையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அதே ஆங்கிலம் மறுபடி வந்தால் பழைய தமிழை எடுத்து நிரப்பிவிடும். பச்சை நிறத்தில் '100 சதவீதப் பொருத்தம்' என்று காட்டும். பச்சையைப் பார்த்ததும் கண் தாண்டிப் போய்விடும். ஆறு மாதம் முன்பு ஓர் இன்வெர்ட்டரின் 'செட்' பொத்தானுக்கு 'அமை' என்று போட்டிருந்தேன். அங்கே அது சரி. அதையே கொண்டுவந்து ஜிம்மில் இறக்கிவிட்டது மென்பொருள். எழுத்துக்கு எழுத்து நூறு சதவீதம் பொருந்தியது உண்மைதான், பொருளில்தான் பொருத்தமே இல்லை. இன்றைக்கும் ஒற்றைச் சொல்லாக வரும் பச்சைக் கட்டங்களை மட்டும் தனியாக வடிகட்டி, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அதற்குக் காசு கிடையாது.

அதற்கும் முன்னால் நடந்தது இன்னும் மோசம். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தோம். கொத்தனார் வயதானவர், அன்னூர்ப் பக்கம். டைல்ஸ் ஒட்டும் பசைப் பையை உடைத்துக் கொட்டிவிட்டு, பையின் முதுகில் இருந்த தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஏனுங்கம்மிணி, இதுல '24 மணி நேரம் அமைக்க அனுமதிக்கவும்'னு போட்டிருக்குதுங்களே. யாருகிட்ட அனுமதி வாங்கோணும்? என்னத்த அமைக்கோணும்?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வரியை நான் மறக்கவில்லை. ஓர் ஏஜென்சி மூலம் வந்த வேலை, ராத்திரி பதினொரு மணிக்கு முடித்து அனுப்பியது. பசை இறுகும்வரை 24 மணி நேரம் விட்டுவிடு என்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லியிருந்தார்கள். நான் எழுதினதுங்க என்று சொல்ல வாய் வரவில்லை. "இறுகறதுக்கு ஒரு நாள் விடணும்னு அர்த்தமுங்க" என்றேன். "அட, செட் ஆகோணும்ங்கறீங்க. அதைச் சொல்ல வேண்டியதுதானே" என்று அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதில் என் தொழிலுக்கு வேண்டிய பாடம் பாதி இருந்தது. சிமெண்ட் 'செட் ஆகிறது', அதாவது தானாக ஆகிறது. நான் எழுதியது யாரோ செய்கிற காரியம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே உருவம். தமிழில் பிறவினைக்கும் தன்வினைக்கும் சொல்லே மாறிவிடும். சிமெண்ட் இறுகும், தயிர் உறையும், கடல்பாசி கெட்டியாகும், பொழுது சாயும். எங்கள் ஊர்ப்பக்கம் பொழுது விழும். இந்த ஐந்துக்கும் ஆங்கிலக்காரர் அந்த மூன்றெழுத்தையே வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்.

சிமெண்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன், கட்டட வேலைக் கையேடு செய்பவர்களுக்கு உதவும். இறுகுவது வேறு, வலுவாவது வேறு. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணயப்படி இறுக ஆரம்பிக்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, இறுகி முடிய 600 நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. விக்கா என்றொரு ஊசிக் கருவியைக் குத்தி இதைப் பார்க்கிறார்கள். வலுவைச் சோதிப்பது 28 நாள் வரைக்கும் போகும். ஆங்கிலக் கையேட்டில் இரண்டுக்கும் இரண்டு சொல் இருக்கும். தமிழில் இரண்டையும் 'கெட்டியாதல்' என்று போட்டால், காலையில் போட்ட கான்கிரீட்டின் மேல் சாயங்காலம் மூட்டை அடுக்கிவிடுவார்கள்.

கொத்தனார் விஷயத்துக்குப் பிறகுதான் அகராதியை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பு 20 தொகுதி. அதில் எல்லாவற்றிலும் நீளமான பதிவு இந்த 'செட்' என்ற வினைச்சொல்லுக்குத்தான். சுமார் 430 பொருள், விளக்கமும் எடுத்துக்காட்டுமாகச் சுமார் 60,000 சொல். ஒரு நடுத்தர நாவல் அளவு! பிறகு அகராதியைத் திருத்தி எழுதத் தொடங்கியபோது 'ரன்' என்ற சொல் முந்திவிட்டது, வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள் என்று கணக்கு. கம்ப்யூட்டரும் எந்திரமும் வந்த பிறகு ஓடாதது எதுவும் இல்லை என்பதால் இருக்கலாம்.

430-ஐயும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். எனக்கு உதவியது அந்தச் சொல்லின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் 'உட்கார்' என்பதற்குப் பக்கத்திலேயே பிறந்த பிறவினைச் சொல் அது: 'உட்காரவை'. நம்மிடம் அமர், அமர்த்து என்றும் இரு, இருத்து என்றும் ஜோடி இருக்கிறதே, அதே மாதிரி. ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் உட்காரவைப்பதுதான் மூலம். கடிகாரத்தில் முள்ளை உட்காரவைத்தால் அலாரம். மோதிரத்தில் கல்லை உட்காரவைத்தால் கல் பதிப்பது. விலகிய எலும்பை உட்காரவைத்தால் நம் ஊரில் கட்டுக் கட்டுவது, அதற்குத்தான் ஆந்திரத்துப் புத்தூர் வரை ஆட்கள் போகிறார்கள்.

ஆனால் 'தொகுதி' என்ற பொருளில் வருகிற செட் இதே சொல் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அது பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது, ஒருவரைப் பின்பற்றுகிற கூட்டம், சமயப் பிரிவு என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து. இரண்டும் ஒரே ஒலி என்பதால் நாளடைவில் கலந்து ஒட்டிக்கொண்டன. ஆக, 'அவனெல்லாம் எங்க செட்டுப்பா' என்று நம் ஆட்கள் சொல்வது மூலப் பொருளுக்கு ரொம்பவே கிட்ட நிற்கிறது.

இந்த உட்காரவைக்கும் விஷயம் எனக்கு முழுசாகப் புரிந்தது அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுக் கோழியை நினைத்தபோதுதான். பொள்ளாச்சிப் பக்கம் ஊர். கோழி முட்டையிட்டு முடித்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரிடத்தில் படுத்துவிட்டது என்றால் அம்மாயி ஒரு பழைய கூடையில் மணலும் வைக்கோலும் பரப்புவார். முட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒற்றைப்படையாகப் பதினொன்றோ பதின்மூன்றோ அடுக்குவார். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகுமாம், அதற்காக ஓரத்தில் ஒரு கரித்துண்டும் ஆணியும். அப்புறம் கோழியைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்து, இன்னொரு கூடையால் மூடிவிடுவார். "கோழிய அடை வெச்சிருக்கேன், ஆரும் அந்தப் பக்கம் போவாதீங்க." 21 நாள் கணக்கு. கோழி அடை கிடக்கும், மனுஷி அடை வைப்பாள். ஆங்கிலப் பண்ணைகளிலும் கோழி 'உட்காருகிறது', பண்ணைக்காரி அதை 'செட்' செய்கிறாள். அதே ஜோடி! பள்ளிக்கூடத்தில் எந்த ஆசிரியரும் சொல்லாத இலக்கணத்தை அம்மாயியின் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

'அடை வை' என்பதிலிருக்கிற அந்த 'வை'தான் பிறகு ஒரு சண்டையில் எனக்குக் கைகொடுத்தது. சண்டை என்றால் மின்னஞ்சல் சண்டை. வடக்கே இருந்து ஒரு திட்ட மேலாளர் எல்லா மொழிக்காரர்களுக்கும் எழுதியிருந்தார். சொற்பட்டியல் தயாராகிறது, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே ஒரு நிகர்ச்சொல் தாருங்கள், சீர்மை முக்கியம். பட்டியலில் 17-ஆவதாக நம்ம ஆள் 'செட்' உட்கார்ந்திருந்தார். முடியாது என்றேன். ஏன் முடியாது, உங்கள் மொழியில் சொல் இல்லையா என்று பதில் வந்தது. கோபம் வந்துவிட்டது. பதிலுக்கு அவரிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, இதற்கு உங்கள் மொழியில் ஒரே நிகர்ச்சொல் தாருங்கள் என்றேன்.

உலை வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம். பூ வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம். குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம். கல்யாணத்துக்கு நாள் வைக்கிறோம், போய் மொய் வைக்கிறோம். நகையை அடகு வைக்கிறோம். மீசை வைக்கிறோம். அலாரம் வைக்கிறோம். பேசி முடித்துப் போனை வைக்கிறோம். பந்தயம் வைக்கிறோம், பரீட்சை வைக்கிறோம், பையனுக்கு டியூஷன் வைக்கிறோம். வேலைக்கு ஆள் வைக்கிறோம். கொலு வைக்கிறோம், வேட்டு வைக்கிறோம். பிடிக்காதவனுக்குச் சூனியம் வைக்கிறோம், பிடித்தவன்மேல் பாசம் வைக்கிறோம். சின்னக் குழந்தையைப் பார்த்து 'கண்ணு வெச்சுட்டாங்க' என்கிறோம். மனசு வைத்தால் நடக்கும் என்கிறோம். வேறு வினையோடு சேர்ந்தால் இன்னொரு வேலை: சிரிக்க வைத்தான், படிக்க வைத்தாள், சொல்லி வை. வாங்கி வை என்றால் நாளைக்கு ஆகும், எதையோ சொல்லி வைத்தான் என்றால் வம்பு.

ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி அனுப்பினேன், இரண்டு பக்கம் ஆனது. சாயங்காலம் ஒரே வரி பதில்: 'புரிந்தது, இந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன்.' நல்ல மனுஷர். அடுத்த திட்டத்திலிருந்து அவரது சொற்பட்டியலில் வெறும் சொல் இருக்காது. 'அலாரத்தை', 'வெப்பநிலையை', 'பயிற்சிச் சுற்று' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். ஏஜென்சியோடு வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை.

'வை' எல்லா இடத்திலும் 'செட்'டுக்கு ஈடாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. பொறி வைப்பது, தீ வைப்பது, காலடி வைப்பது எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் ஆங்கிலத்தில் ஒருவர்மேல் கண்ணை 'செட்' செய்தால் பார்த்தார் என்று மட்டுமே அர்த்தம். தமிழில் கண் வைத்தால் சுற்றிப்போட வேண்டியிருக்கும். சாப்பாட்டு மேசையை அவர்கள் செட் செய்தால் நாம் இலை போடுகிறோம். அவர்கள் வினாத்தாளை செட் செய்தால் நம் வாத்தியார்கள் கேள்வித்தாள் எடுக்கிறார்கள். பாட்டுக்கு மெட்டுப் போடுகிறோம். என் அப்பா டவுன்ஹால் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர், அவரிடம் 'டைப் செட்டிங்' என்றால் முகத்தைச் சுளிப்பார். "எழுத்தைக் கோக்கறது கண்ணு. பூக் கோக்கற மாதிரி."

தமிழுக்குள் வந்து குடியேறிவிட்ட செட்டின் கதையே தனி. சென்னையில் செட் தோசை, கூட வடகறி. கல்யாணத்துக்கு மேள செட், கோயில் நோம்பிக்கு மைக் செட், தெக்கே போனால் அதுவே ரேடியோ செட், ரேடியோ எங்கேயும் இருக்காது. நகைக்கடையில் நெக்லஸ் செட். சினிமாவில் ஊரையே செட் போடுவார்கள். பள்ளியில் கூடப் படித்தவன் நம்ம செட். கல்லூரி வாத்தியார் வேலைக்கு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு உண்டு, அந்த செட் மூன்று ஆங்கில எழுத்தின் சுருக்கம் என்பதால் கணக்கில் சேராது. சட்டை எனக்கு செட் ஆகவில்லை, இந்தக் கூட்டணி செட் ஆகாது. 'செட்டப்' என்று ஒன்று இருக்கிறது; டிவிக்காரர் 'செட்டப் முடிஞ்சுது சார்' என்றால் வேறு, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் காட்டி 'அவருக்கு அங்க ஒரு செட்டப் இருக்குது' என்றால் வேறு. டிவியின் செட்-டாப் பெட்டிக்கான கையேட்டில் 'செட்டப்' என்ற சொல்லைப் போட நான் இன்றும் தயங்குகிறேன்.

கோயமுத்தூர்க்காரி நான் பம்புசெட்டைச் சொல்லாமல் விட முடியாது. மோட்டாரும் பம்பும் சேர்ந்த ஜோடி என்பதால் செட். ஆனால் ஊரில் பம்புசெட் என்றால் இடம். மோட்டார் ரூம், தொட்டி, விழுகிற தண்ணீர், துவைக்கிற கல் எல்லாம் சேர்ந்து. 'பம்புசெட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வா' என்பார்கள். ஒரு நீர்மூழ்கி மோட்டார் கையேட்டில் இந்தச் சொல் இரண்டு வேலை செய்தது. ஒரு பக்கம் பம்புசெட், இன்னொரு பக்கம் போர்வெல்லுக்குள் பம்பை எத்தனை அடியில் 'செட்' செய்ய வேண்டும் என்ற அட்டவணை. 'பொருத்தும் ஆழம்' என்று எழுதி வைத்துவிட்டு, மோட்டார் இறக்குகிற பையனிடம் போனில் கேட்டேன். "பொருத்தறதா? எத்தனை அடில இறக்கறதுன்னு போடுங்கக்கா." இறக்கும் ஆழம் என்று மாற்றினேன். மொழிபெயர்ப்புக்கு நான் வைத்திருக்கிற அகராதிகளில் அந்தப் பையனின் நம்பரும் ஒன்று.

கணக்குப் பாடம் இன்னொரு கதை. தமிழ்நாட்டுப் பாடநூலில் செட் என்பது கணம். இலங்கைப் பாடநூலில் தொடை. முதல்முறை யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கான ஒரு கற்றல் செயலியைச் சரிபார்க்கக் கொடுத்தபோது 'வெறுந்தொடை' என்று பார்த்துத் திடுக்கிட்டேன். உறுப்பே இல்லாத கணத்தைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். யோசித்தால் அழகான சொல். தொடுத்தது தொடை, எதுகைத் தொடை, மோனைத் தொடை என்று யாப்பில் படித்ததுதான். நம் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள் என்பதால் இங்கே கணமே இருக்கட்டும். ஆனால் யாருக்கு எழுதுகிறோம் என்று கேட்காமல் கணிதத்தில் கை வைக்காதீர்கள்.

ஆரம்ப காலத்தில் வாங்கிய அடி ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு வக்கீல் அவசரமாக ஒரு நீதிமன்ற உத்தரவைத் தமிழில் கேட்டார், கட்சிக்காரருக்குப் படித்துக் காட்ட. அதற்கு முந்தைய மாதம் முழுக்க நான் ஒரு சமையல் தளத்துக்கு வேலை செய்திருந்தேன். வெங்காயத்தை வதக்கி 'தனியாக எடுத்து வைக்கவும்', பருப்பை வேகவைத்து 'தனியாக எடுத்து வைக்கவும்', விரல் தானாகத் தட்டும். உத்தரவிலும் அதே இரட்டைச் சொல், 'செட் அசைட்'. 'ஒருதலைப்பட்சத் தீர்ப்பு தனியாக எடுத்து வைக்கப்படுகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வக்கீல் போன் செய்து சிரித்தார். "தீர்ப்பு ரத்தாயிருச்சும்மா. கட்சிக்காரர் அஞ்சு வருஷமா இதுக்குத்தான் அலைஞ்சாரு. நீ அதைப் பொரிச்ச வெங்காயத்தோட எடுத்து வெச்சுட்டியே!"

இந்தச் சொல்லின் பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொல்தான் அதிக ஆபத்து. 'ஆஃப்' ஒட்டினால் பயணம் கிளம்புவது, பட்டாசைக் கொளுத்துவது, திருட்டு அலாரத்தை அலறவைப்பது. வருமான வரியில் இந்த நட்டத்தை அந்த லாபத்தில் கழிப்பது. குற்றவியல் வழக்கில், விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழிப்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆவது பிரிவில் இருந்தது அதுதான். 'பேக்' ஒட்டினால் பத்திரிகைச் செய்தியில் பின்னடைவு. வீடு கட்டுகிறவருக்கோ எல்லையிலிருந்து விட வேண்டிய காலி இடம், அதை இங்கே எஞ்சினியரும் மேஸ்திரியும் 'செட்பேக்' என்றுதான் சொல்வார்கள். கட்டட அனுமதி விண்ணப்பத்தில் 'முன்பக்கப் பின்னடைவு: 5 அடி' என்று ஒருவர் எழுதியிருந்ததை நானே பார்த்தேன். இந்தத் தடவை நான் இல்லை.

இப்போது நான் செய்கிற விதம் இது. கட்டத்தில் ஒற்றைச் சொல் வந்தால் முதலில் அந்த வரிக்கு நிரலாளர் வைத்திருக்கிற உள்பெயரைக் கேட்கிறேன். எக்செல்லில் ஒரு பத்தியை மறைத்துவைத்து அனுப்பியிருப்பார்கள், மறைப்பை எடுத்தால் சில சமயம் அங்கேயே இருக்கும். 'ஒர்க்அவுட் செட் லேபிள்' என்று இருந்ததை அன்றைக்குப் பார்த்திருந்தால் ஜிம்மில் மானம் போயிருக்காது. அதுவும் இல்லையென்றால் திரையின் படம். படமும் இல்லையென்றால் கேள்வி அனுப்பிவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன். ஊகித்து நிரப்பினால் அது சரி என்று நினைத்து எல்லோரும் தாண்டிவிடுவார்கள், காலிக் கட்டம் கண்ணை உறுத்தும்.

இரண்டு சொல்லாக வந்தால் எது முன்னால் என்று பார்ப்பேன். 'செட் அலாரம்' என்றால் அலாரம் வை. 'அலாரம் செட்' என்றால் வைத்தாயிற்று. இந்த வினைக்கு இறந்தகாலமும் அதே உருவம் என்பதால் வந்த வினை. 'செட் டைம்' மட்டும் இன்றைக்கும் என்னைக் குழப்பும். நேரத்தை அமைக்கச் சொல்கிறதா, ஏற்கெனவே குறித்த நேரத்தைக் காட்டுகிறதா? திரையைப் பார்க்காமல் கடவுளாலும் சொல்ல முடியாது.

அப்புறம் என் நோட்டு. அகர வரிசையில் எழுதுவதில்லை. பக்கத்துக்கு ஒரு ஜோடி: கோழி, அடை வை. கல், பதி. பம்பு, இறக்கு. மேசை, இலை போடு. பசை, இறுகு. தீர்ப்பு, ரத்து. இடப்பக்கம் எப்போதும் பொருள்தான், ஆங்கில வினை இல்லவே இல்லை. தேடும்போது எதை, எதை என்று கேட்டுக்கொண்டே புரட்டுவேன். முதல் பக்கத்தில் கொத்தனாரின் கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன்: என்னத்த அமைக்கோணும்?

போன மாதம் ஒரு வேலை வந்தது. முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் எந்திரத்துக்கான செயலி. கோழிப்பண்ணைக்குக் குஞ்சு கொடுக்கிற பெரிய பொரிப்பகங்களில் ஓடுவது. தாளைத் திறந்தால் வரிசையாக அதேதான்: செட், செட் டேட், எக்ஸ் (முட்டைகள்) செட், செட்டர் 1, செட்டர் 2. மென்பொருள் ஆசையாகப் பச்சை காட்டிக்கொண்டு 'அமை' என்று நிரப்பியிருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். அம்மாயியின் கூடை கண்முன் வந்து நின்றது. 'அடை வை', 'அடை வைத்த நாள்' என்று போட்டு, எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

பல்லடத்தில் பொரிப்பகத்தில் வேலை பார்க்கிற ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அவன் சிரித்தான். "அடை வைக்கறதெல்லாம் கோழிக்குங்கக்கா. இங்க கோழியே கிடையாதே. 18 நாள் முட்டை செட்டர் மெஷின்ல கிடக்கும், அப்புறம் கடைசி மூணு நாளைக்குக் குஞ்சு பொரிக்கற ஹேட்சருக்கு மாத்துவோம். முட்டை வெச்ச தேதின்னு போட்டீங்கன்னா எங்க பசங்க எல்லாருக்கும் புரியும்."

அழித்துவிட்டு 'முட்டை வைத்த தேதி' என்று எழுதினேன். செட்டரை செட்டராகவே விட்டேன். நோட்டில் கோழிப் பக்கத்துக்குக் கீழேயே முட்டைக்கு இன்னொரு வரி சேர்த்தேன்.